உயிர்நூல் எல்லோர்க்கும் உரியது
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)





சமய விழா மேடையிலே உயிரியலைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பதைக் கண்டு உங்களிற் சிலர் வியப்படையலாம். வந்தவன் வைத்திய மாணவனுமல்லன், விஞ்ஞான மாணவனுமல்லன், தமிழும் வரலாறும் பயிலும் கலைப்பீட மாணவன் என்று அறியும்போது அவ்வியப்பு இரட்டிக்கும். செயலாளர் ஐயா என்னிடம் தலைப்புக் கேட்டபோது, "விஞ்ஞானம் படியாதோர்க்கு உயிரியல்" என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, திருவாசகத்தைப் பற்றிப் பேசலாமே" என்றார். திருவாசகத்தைப் பற்றிப் பேசவல்லார் இவ்வவையிற் பலர் உளர். நான் பேச விரும்புவது என்னிடத்தே குறையாக இருந்த ஒன்றைப் பற்றி. குறையுடையவனே அதன் அளவை அறிவான். இம்மேடையில் ஏறுவதற்கு எனக்குள்ள தகுதி அதுவே.

அக்குறையை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சியை முதலிற் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஊரிலே டெங்குக் காய்ச்சல் பரவியபோது நாம் இளைஞர் பலர் கூடிக் கோயிற் சுற்றாடலிலே சிரமதானம் செய்தோம். காலை தொடங்கி நண்பகல் வரை வீதியோரத்து வாய்க்காலைத் தோண்டிச் சேற்றையும் கரிய நீரையும் அள்ளி அப்புறப்படுத்தினோம். வியர்வை சிந்திய பெருமிதத்தோடு நின்றபோது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் அங்கு வந்தார். அவர் வாய்க்காலைத் திரும்பியும் பாராமல் மடைப்பள்ளியின் பின்புறம் சென்றார். அங்கே குவிந்து கிடந்த சிரட்டைகளில் ஒன்றை எடுத்து வந்து எம்முன் நீட்டினார். உள்ளே தெளிந்த மழைநீர். அந்நீரிலே நூல் துண்டுகள் போல நெளியும் புழுக்கள்.

"தம்பிமாரே, டெங்கு நுளம்பு விரும்புவது இந்தத் தெளிந்த தண்ணியைத்தான். நீங்கள் அரைநாள் பாடுபட்டது வேறு நுளம்புக்கு" என்றார். நான் அந்தச் சிரட்டையை வாங்கிக் கவிழ்த்துவிட்டு, "இனிச் சரிதானே ஐயா?" என்றேன். "சரியில்லை. முட்டை உள்விளிம்பிலே ஒட்டிக்கொண்டிருக்கும். மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்தாலும் சாகாது. அடுத்த மழை விழுந்தவுடன் பொரிக்கும். தேய்த்துக் கழுவவேணும், இல்லாவிட்டால் அழிக்கவேணும்" என்றார். அன்று அங்கு நின்றவருள் இருவர் பட்டதாரிகள், ஒருவர் ஆசிரியர். எவர்க்கும் இது தெரிந்திருக்கவில்லை.

வீடு திரும்பியபின் என்னை நானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். நுளம்பின் வாழ்க்கை வட்டத்தை நான் படியாதவனா? படித்தவனே. முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி என்று படம் வரைந்து, பெயர் குறித்து, புள்ளியும் பெற்றவன். முட்டையிலிருந்து சிறகு முளைத்த நுளம்பு வெளிவர ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரையில் ஆகும். ஆகையினாலேதான் வாரத்துக்கு ஒருமுறை சுற்றாடலைத் துப்புரவு செய்யுங்கள் என்று சுகாதாரப் பகுதியினர் சொல்கிறார்கள். நான் வரைந்த படத்துக்கும் அந்தக் கட்டளைக்கும் உள்ள தொடர்பு எனக்குத் தோன்றவேயில்லை. பெயர்கள் என் கொப்பியிலே இருந்தன. நுளம்பு கோயிற் சிரட்டையிலே இருந்தது. 2017ஆம் ஆண்டில் இந்நாட்டிலே 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். நானூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கொப்பிக்கும் சிரட்டைக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு விலையுடையது என்பதை இந்த எண்கள் சொல்லும்.

நம் நாட்டிலே க.பொ.த. சாதாரண தரம் வரையில் விஞ்ஞானம் எல்லா மாணவர்க்கும் உரிய பாடம். அதன்பின் பாதைகள் பிரிகின்றன. உயிரியற் பிரிவுக்குச் சென்றவர் வைத்தியராகும் கனவோடு இரவு பகல் படிக்கிறார். கலைப்பிரிவுக்கு வந்தவர், பதினாறு வயதிலே விஞ்ஞானப் புத்தகத்தைப் பரணில் ஏற்றிவிடுகிறார். ஆனால் நாளைக்குக் கிராம உத்தியோகத்தராகவும் ஆசிரியராகவும் சட்டத்தரணியாகவும் பத்திரிகையாளராகவும் நிருவாக சேவையாளராகவும் வரப்போகிறவர்களுள் மிகப் பலர் கலைப்பிரிவினரே. எந்தக் குளத்தைத் தூர்ப்பது, எந்தக் கிணற்றை மூடுவது, தடுப்பூசி பற்றிய எந்தச் செய்தியை அச்சிடுவது என்று தீர்மானிக்கும் பேனா அவர்கள் கையிலே இருக்கும். தாய் தந்தையராக வருவதற்கோ எந்தப் பிரிவும் விலக்கில்லை.

இக்குறையை உணர்ந்த நாடுகளும் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளிலே வரலாறோ வணிகமோ சங்கீதமோ பயிலவந்த மாணவனும், பட்டம் பெறுமுன் விஞ்ஞானப் பாடம் ஒன்றிரண்டேனும் கற்கவேண்டும் என்பது பரவலான வழக்கம். அவர்களுக்கென்றே "விஞ்ஞானத்தைச் சிறப்புப் பாடமாகக் கொள்ளாதார்க்கு உயிரியல்" என்று தனியான தொடக்க வகுப்பு நடைபெறுகின்றது. 1945இல் ஹாவாட் பல்கலைக்கழகத்துக் குழுவொன்று சுதந்திர சமுதாயத்திலே பொதுக்கல்வி எவ்வாறு அமையவேண்டும் என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. மனிதப்பண்பியல், சமூகவியல், இயற்கை விஞ்ஞானம் என்னும் மூன்றிலும் ஒவ்வொரு மாணவனுக்கும் பயிற்சி வேண்டும் என்பது அதன் கருத்து. அப்பொழுது அப்பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த ஜேம்ஸ் கோனன்ற் இரசாயன அறிஞர். விஞ்ஞானியாகப் போகாதவனுக்கு விஞ்ஞானத்தை எப்படிக் கற்பிப்பது என்பதிலே அவர் பெரிதும் கவலை கொண்டார்.

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. வைத்திய மாணவனுக்குரிய பெரிய புத்தகத்தைச் சுருக்கி, ஆயிரம் பெயர்களில் நூற்றைப் பொறுக்கி மனனம் செய்விப்பது ஒரு வழி. அது என் கொப்பியின் வழி. மற்றது, சில பெருங் கேள்விகளை எடுத்து, அவற்றுக்கு மனிதர் எவ்வாறு விடை கண்டனர், எங்கே தவறினர், எந்தச் சோதனையாலே தெளிந்தனர் என்பதைப் படிப்படியாகக் காட்டுவது. கோனன்ற் இந்த இரண்டாம் வழியையே கைக்கொண்டார். "என்ன அறிந்தோம்" என்பதோடு "எப்படி அறிந்தோம்" என்பதையும் அவ்வழி கற்பிக்கும். அவர் மாணவர்க்கு எடுத்துக்கொண்ட வரலாறுகளுள் ஒன்று லூயி பாஸ்ரரின் சோதனை. அதை இங்கே சொல்ல ஒரு தனிக்காரணம் எனக்கு உண்டு.

உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானே தோன்றுமா என்பது நெடுங்காலக் கேள்வி. சில பூச்சிகள் சேற்றிலும் அழுகற் பொருளிலும் தாமே பிறக்கின்றன என்று கிரேக்க அறிஞர் அரிஸ்ரோட்டிலும் கருதினார். 1668இல் இத்தாலிய வைத்தியர் ரெடி, இறைச்சியை மெல்லிய துணியால் மூடி வைத்தார். ஈ அதனை அணுக முடியவில்லை. இறைச்சியிலே புழுவும் தோன்றவில்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தாமே தோன்றக்கூடும் என்ற நம்பிக்கை நிலைத்தது. 1860ஐ அடுத்த ஆண்டுகளிலே பாஸ்ரர், கண்ணாடிக் குடுவையின் கழுத்தை அன்னப்பறவையின் கழுத்துப்போல வளைத்து, உள்ளிருந்த சாற்றைக் கொதிக்க வைத்தார். காற்று உள்ளே செல்லலாம். தூசி வளைவிலே தங்கிவிடும். சாறு மாதக்கணக்காகக் கெடாது நின்றது. குடுவையைச் சரித்து, வளைவிலுள்ள தூசியைச் சாறு தொடும்படி செய்தபோது சில நாளிலே கெட்டது. காற்றும் இருந்தது, சாறும் இருந்தது. இல்லாதிருந்தது தூசியோடு வரும் உயிரே. உயிர் முன்னுள்ள உயிரிலிருந்தே வருகிறது என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

பெரியோர் பொறுத்தருளவேண்டும். உயிர்கள் பிறக்கும் வகை நான்கு என்று நாம் சமய பாடத்திலே கற்றோம். முட்டையிற் பிறப்பன, கருப்பையிற் பிறப்பன, வித்து வேர் முதலியவற்றிற் பிறப்பன, வேர்வையிற் பிறப்பன என்பன அவை. பேன் முதலியன நான்காம் வகை. இப்பொழுது பேன் வேர்வையிலே பிறப்பதில்லை, ஈரிலிருந்தே பிறக்கிறது என்று ஒரு மாணவன் சொன்னால் அவன் சமயத்தை மறுத்தவன் ஆவானா? நம் பாட்டிமாரைக் கேளுங்கள். பிள்ளையின் தலையை மடியில் வைத்து, பேனை எடுத்ததோடு நில்லாமல் ஈரையும் உருவிக் களைந்தவர்கள் அவர்கள். ஈர் இருந்தாற் பேன் வரும் என்பதை அவர்கள் கை அறிந்திருந்தது. முன்னோர் தம் கண்ணுக்குப் புலப்பட்டதைக் கொண்டு உயிர்களை வகுத்தார்கள். அது அவர்களுடைய உழைப்பு. அந்த வகுப்பிலே ஒரு பகுதி திருத்தம் பெறுவதனால் அவர்கள் பெருமை குறைந்துவிடாது. நான்கு வகைப் பிறப்பைச் சொல்லியதன் நோக்கம், எந்தப் பிறப்பிலும் உயிர் பாசத்தாற் கட்டுண்டது, அருளால் விடுபடும் என்று உணர்த்துவதே. அந்த உண்மை பேனின் பிறப்பிலே தங்கியிருக்கவில்லை.

இரண்டாவதாகப் பரம்பரை பற்றிய கேள்வி. தாய் தந்தையரிடம் வெளிப்படாத ஒரு குணம் பிள்ளையிடம் தோன்றுவது எங்ஙனம்? இதற்கு விடை கண்டவர் கிறெகோர் மெண்டல் என்னும் துறவி. இன்றைய செக் நாட்டிலுள்ள புரூணோ நகரின் மடத்துத் தோட்டத்திலே பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது பிறந்த விதைகள் யாவும் உருண்டை. சுருக்கம் ஒழிந்துவிட்டது என்றே எவரும் நினைப்பர். அவர் அடுத்த தலைமுறையையும் வளர்த்து, விதைகளைப் பொறுமையோடு எண்ணினார். உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. சுருக்கம் ஒழியவில்லை, மறைந்திருந்தது.

இந்தக் கணக்கு நம் வீட்டுக்கு வருகின்ற இடம் ஒன்று உண்டு. தலசீமியா என்னும் குருதி நோயுடைய குழந்தைக்கு உடம்பிலே நல்ல ஈமோகுளோபின் போதிய அளவு உண்டாவதில்லை. கடும் வகை நோயுற்ற பிள்ளைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் குருதி ஏற்றவேண்டும்; அதனாலே உடம்பில் மிகுந்து சேரும் இரும்பை வெளியேற்ற வேறு மருந்தும் வேண்டும். இலங்கையிலே ஏறத்தாழ நூற்றுக்கு இருவர் இந்நோயின் பரம்பரையலகைச் சுமக்கும் காவிகள். காவி நோயாளியல்லர், நம்மைப்போல உண்டு உழைத்து வாழ்பவர். அவர் காவியல்லாத ஒருவரை மணந்தால் பிள்ளைக்குக் கடும் நோய் வராது. காவிகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உறவினர் ஒரே பரம்பரையலகைச் சுமக்கும் வாய்ப்பு மிகுதியாதலால், மாமன் மகள், மச்சான் என்று உறவுக்குள் மணம் பேசும் நாம் இதை நன்கு அறிந்திருக்கவேண்டும்.

"நான்கில் ஒன்று" என்பதைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கின்றனர். முதற் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூவருக்கு வராது என்று எண்ணுகின்றனர். இரண்டு சிரட்டைகளை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சாடி விதையும் ஒரு புளியங்கொட்டையும் இடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றை எடுங்கள். இரண்டும் மஞ்சாடியாக வந்தால் அது நோயுற்ற பிள்ளை. விதைகளைத் திரும்ப இட்டு மறுபடியும் எடுங்கள். முன்பு வந்தது பின்பு வருவதைத் தடுக்குமா? தடுக்காது. ஒவ்வொரு முறையும் வாய்ப்பு அதுவே. நாம் பத்துப் பொருத்தம் பார்க்கின்றோம். பார்ப்பதை விடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அதனோடு ஒரு குருதிப் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றே கேட்கின்றேன். அப்பரிசோதனையிலே ஒரு பெண் காவி என்று தெரிந்துவிட்டால், மாப்பிள்ளையின் குருதியைச் சோதியாமலே சம்பந்தத்தை முறித்து, அப்பெண்ணுக்குக் குறை கற்பித்து ஊரெங்கும் பேசுவது அறியாமையின் கொடுமை. அரைகுறை அறிவு அறியாமையிலும் கொடிது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது கேள்வி, உயிர்கள் காலந்தோறும் மாறுவது எப்படி என்பது. இதற்கும் நம் நாட்டிலேயே பாடம் உண்டு. 1934, 35ஆம் ஆண்டுகளிலே மழை பொய்த்து ஆறுகள் ஓட்டம் குன்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளிலே மலேரியா நுளம்பு பெருகியது. ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர். 1940களின் பிற்பகுதியிலிருந்து வீடுகளுக்கு டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டிலே நாடு முழுவதிலும் கண்ட மலேரியா நோயாளர் பதினேழு பேரே. வெற்றி வந்துவிட்டது என்று தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. சில ஆண்டுகளிலே நோய் மீண்டெழுந்தது. 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். மறுபடியும் மருந்து தெளிக்க முயன்றபோது அம்மருந்துக்கு நுளம்பு முன்போலச் சாகவில்லை.

"நுளம்புக்கு மருந்து பழகிவிட்டது" என்று நாம் சொல்வோம். உண்மையிலே எந்த நுளம்பும் பழகவில்லை. பெருந்தொகையான நுளம்புகளிடையே, பிறப்பிலேயே அம்மருந்தைத் தாங்கவல்லன மிகச் சில இருந்தன. மருந்து மற்றவற்றைக் கொன்று, இவற்றை விட்டது. இவை இட்ட முட்டைகளிலே அத்திறன் தொடர்ந்தது. தலைமுறைகள் செல்லச்செல்லத் தாங்குவனவே மிகுந்தன. 1859இல் சாள்ஸ் டாவின் தம் நூலில் விளக்கிய இயற்கைத் தேர்வு இதுவே. வைத்தியர் தரும் அன்ரிபயோற்றிக் குளிசையை, காய்ச்சல் விட்டவுடன் நம் எண்ணப்படி நிறுத்துவதும், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தந்ததை வாங்கி விழுங்குவதும், தடிமனுக்கெல்லாம் அதைக் கேட்டு வாங்குவதும் இதே வழியிலேதான் தீங்கு செய்கின்றன. தாங்கும் பற்றீரியாக்களை நாமே தேர்ந்து வளர்க்கின்றோம். பெனிசிலினைக் கண்ட பிளெமிங், 1945இல் நோபல் பரிசுச் சொற்பொழிவிலேயே இவ்வபாயத்தை எச்சரித்தார்.

மலேரியாவின் கதை அங்கே முடியவில்லை. இடைவிடாத உழைப்பினால் 2012க்குப் பின் உள்நாட்டிலே தொற்றிய மலேரியா இல்லையாயிற்று; 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியிலே, இந்தியாவில் நகரங்களிலே மலேரியாவைப் பரப்பும் வேறொரு நுளம்பு இனம் மன்னாரிலே, கிணற்று நீரிலே கண்டறியப்பட்டது. நோய் போய்விட்டது, நுளம்பு வந்திருக்கிறது. 1963இல் நாம் செய்த பிழையை மறுபடியும் செய்யாதிருக்க, அக்கதையை அறிந்த மக்கள் ஊர்தோறும் வேண்டும். வைத்தியர் மாத்திரம் அறிந்தாற் போதாது.

கூர்ப்பு என்றவுடன் சமயம் இடையே வருகின்றது. திருவாசகத்துச் சிவபுராணத்திலே உயிர் எடுத்து இளைக்கும் பிறவிகளை அடுக்கிச் சொல்லியிருப்பதைக் காட்டி, "டாவின் சொன்னதை மணிவாசகர் முன்பே சொல்லிவிட்டார்" என்று மேடைகளிலே பேசுவோர் உளர். கேட்கும்போது எனக்கும் உள்ளம் குளிரும், கையும் தட்டியிருக்கின்றேன். ஆறுதலாக எண்ணிப் பார்த்தால், மணிவாசகர் சொல்வது ஓருயிர் பற்பல உடம்பெடுத்துக் களைத்து, இறைவன் திருவடியிலே இளைப்பாற வேண்டி அழும் அழுகை. டாவின் சொல்வது உடம்புகளின் அமைப்புத் தலைமுறை தலைமுறையாக மாறும் வரலாறு. ஒன்றை மற்றதற்குச் சான்றாக்கினால் இரண்டையும் நாம் சரியாகப் படியாதவர் ஆவோம். நான் கற்றது மிஷன் பாடசாலையிலே. காலையிலே அங்கு கிறித்தவ வழிபாடு. மாலையிலே வீட்டிற் தேவாரம். ஒன்றைக் கேட்டதனால் மற்றது என்னை விட்டுப் போகவில்லை. அவ்வாறிருக்க, நுளம்பின் வரலாற்றைக் கேட்பதனாலா என் திருநீறு அழியப்போகிறது?

அன்றியும், உயிரியல் நம் நூல்களை ஊன்றிப் படிக்கவும் துணைசெய்யும். தொல்காப்பியத்து மரபியல், உயிர்களை அவற்றின் அறிவுக்கேற்ப ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கின்றது. கறையானும் எறும்பும் அங்கே மூவறிவுயிர். மூவறிவு என்றால் தொடுதல், சுவைத்தல், மோத்தல், கண்ணறிவு இல்லை. இதனை நான் பரீட்சைக்கு மனனம் செய்தேன். ஆனால் எறும்புக்குக் கண் உண்டா என்று ஒருநாளாவது உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பார்த்தேனா? அண்மையிலேதான் பார்த்தேன். எறும்புக்குக் கண் உண்டு. புற்றை உடைத்து வேலைசெய்யும் கறையானைப் பார்த்தேன்; கண் தென்படவில்லை. கறையானில் வேலையாளிகள் பெரும்பாலும் கண்ணற்றவை என்று விலங்கியலார் சொல்கின்றனர். எறும்பும் வழி காண்பதற்கு மணத்தையே பெரிதும் நம்பியிருக்கிறது. பழந்தமிழர் எவ்வளவு கூர்ந்து நோக்கினர், எவ்விடத்திலே அவர்கள் நோக்கு எட்டவில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதன்பின் அந்த இலக்கணம் எனக்கு உயிருள்ளதாயிற்று.

தமிழிலே இதனைக் கற்பிக்க முடியுமா என்று ஐயுறுவோர்க்கு மானிப்பாய் விடை சொல்லும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், நம்மவர்க்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். 1850களிலேயே உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் பற்றிய கற்றர் என்பாரின் நூல் அவர் முயற்சியாலே தமிழில் வந்தது. அந்த ஆங்கில மூலநூல் கல்லூரிகளுக்கும் பாடசாலைகளுக்கும் குடும்பங்களுக்கும் என்று எழுதப்பட்டது என்பதைக் கவனியுங்கள். வைத்தியரல்லாதார்க்கு உடம்பைப் பற்றிச் சொல்லும் நூல், ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே நம் மொழியில் இருந்தது! அவர் நோக்கம் மதம் பரப்பலும் ஆகும் என்பதை நாம் அறிவோம். நாவலர் பெருமானும் அதை அறிந்தவர். மிஷன் பாடசாலையிலே கற்று, கற்பித்து, அந்த முறையை எடுத்துக்கொண்டு 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். நல்லதை எவரிடமிருந்தும் கற்று நமதாக்குவது நம் முன்னோர் காட்டிய வழியே.

ஆதலின் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். நம் வாசிகசாலை மண்டபத்திலே வாரம் ஒரு மாலையாகப் பத்து மாலைகள், விஞ்ஞானம் படியாத இளைஞர்க்கும் விருப்பமுள்ள பெரியோர்க்கும் ஓர் உயிரியல் வகுப்பு நடத்துவோம். பரீட்சையும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். ஒரு மாலைக்கு ஒரு கேள்வி போதும். காய்ச்சல் ஏன் வருகிறது? தடுப்பூசி உடம்புக்கு எதைக் கற்பிக்கிறது? இனிப்பு நீர் என்றால் என்ன? நம் கிணற்று நீர் எங்கிருந்து வருகிறது, மலசலகூடக் குழியிலிருந்து அதனுள் என்ன ஊறும்? ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணாற் காணத்தக்க ஒன்றை மேசைமீது வைக்கவேண்டும். வெங்காயத் தோலோ, கேணி நீரோ, சிரட்டையோ எதுவாயினும் ஆகலாம். கற்பிக்க இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர்கள் நம்மிடையே உளர். விடுமுறைக்கு வரும் வைத்திய மாணவர்களும் உளர். நுணுக்குக்காட்டி ஒன்றை ஏதேனும் பாடசாலை இரவல் தரும். தாய்மார்க்கு முன்வரிசை ஒதுக்கவேண்டும். வீட்டிலே மருந்து கொடுக்கும் கை அவர்களுடையது.

பெரியோர்களே, நாம் கேள்வி கேட்டால் அதனை அவமதிப்பாகக் கொள்ளாதீர்கள். தோழர்களே, நமக்கு ஒரு விடை தெரிந்துவிட்டால் அதனைக் கொண்டு பெரியோரை இகழாதீர்கள். முன்பு நான் சொன்ன பாட்டியின் கையை நினையுங்கள். பேனையும் ஈரையும் புத்தகம் காட்டுமுன் அந்தக் கை கண்டிருந்தது.

மெண்டல் துறவியைப் பற்றி ஒரு செய்தியோடு முடிக்கின்றேன். அவர் தம் பட்டாணிக் கணக்கை முதலில் உலகுக்குச் சொன்னது, தம் ஊரிலே இயற்கை ஆராய்ச்சியில் ஆர்வமுடையோர் கூடிய ஒரு சங்கத்திலே. 1865ஆம் ஆண்டு பெப்ரவரியிலும் மார்ச்சிலும் இரண்டு மாலைகள் பேசினார். கேட்டவர்கள் கேட்டனர், வீடு சென்றனர். அவ்வுரையின் பெருமையை உலகம் உணர 1900ஆம் ஆண்டு வரை செல்லவேண்டியிருந்தது. அதற்குள் அவர் இறந்துவிட்டார். என் பேச்சு மெண்டலின் பேச்சன்று. இதிலே புதிதாக நான் கண்டது ஒன்றும் இல்லை. ஆயினும் சங்கக் கூட்டத்திலே கேட்டதை வாயிலிலேயே விட்டுச் செல்லும் வழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நீங்கள் வீடு சென்றதும், எனக்காக வேறொன்றும் செய்யவேண்டாம். ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் சென்று அங்கே கிடக்கும் சிரட்டை ஒன்றை நிமிர்த்திப் பாருங்கள். அதில் நெளிவது எது என்று வீட்டுப் பிள்ளை கேட்டால், அந்தக் கேள்வியே நம் வகுப்பின் முதற் பாடம்.